நின்றதும் நிறுத்தி வைத்ததும்

ஐஸ் ஆபீஸ் தெருவில் நின்றுபோனவையெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒன்றாகச் சேர்ந்து ஓட ஆரம்பித்தபோது, தோசை மாவு விற்கிற பாக்கியம், நாத்தனார்தான் தன்னைக் கேட்காமல் கிரைண்டரைப் போட்டுவிட்டாள் என்று நினைத்து அடுக்களையிலிருந்தபடியே ஏச ஆரம்பித்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் மோட்டார் காயில் கருகி, அன்றிலிருந்து வெங்காயக் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு மூலையில் நின்ற கிரைண்டர் அது. கூடையைத் தள்ளிவிட்டு, வெங்காயம் வீடெல்லாம் உருள, தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. பரண்மேல் கிடந்த மின்விசிறிகள் பரணிலேயே சுற்றின, செத்துப்போனவர்களின் கைக்கடிகாரங்கள் பீரோவுக்குள் துடித்தன, மணலில் பாதி புதைந்து கிடந்த வள்ளத்து இன்ஜின் டீசல் இல்லாமலே இரண்டு தரம் இருமிவிட்டு உறுமியது, மாதா கோயில் மணிக்கூண்டில் பதினேழு வருஷமாக மூன்று இருபதைக் காட்டிக்கொண்டிருந்த முள் மூன்று இருபத்தொன்றுக்கு நகர்ந்தது. அதே நேரத்தில், தெருவின் நடுவில் இருக்கிற வீடியோ கேம் கடைக்குப் பின்கட்டில், வாதம் வந்து நாலு வருஷமாகக் கையும் காலும் வாயும் நின்று கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்த கஸ்பார் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "ஏட்டி எஸ்கலின், டீ போட்டியா?" என்றான்.

அவன் பெண்டாட்டி எஸ்கலின் அப்போது கடையில், கையில் திருப்புளியோடு, மூடி கழற்றிய சாம்பல் நிறப் பெட்டிக்கு முன்னால் இருந்தாள். சார்ஜாவிலிருந்து யாரோ கொண்டுவந்து, மூன்று கை மாறி அவளிடம் வந்து சேர்ந்த விளையாட்டுப் பெட்டி. புதுப்புது பெட்டிகள் வந்து உலகம் அதை மறந்து இருபது வருஷம் ஆன பிறகும் ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து கார் ஓட்டியதும் பந்தடித்ததும் அதில்தான். பத்து நாளாக அது உயிரில்லாமல் கிடந்தது. யாரிடமும் போய்ப் படிக்காமல், பத்தைக் கெடுத்துப் பதினொன்றாவதில் கற்றுக்கொண்ட கை எஸ்கலினுடையது. பெட்டிக்குள்ளே சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சிப்பு உண்டு, பயாஸ் என்பார்கள். எந்த விளையாட்டுத் தட்டைப் போட்டாலும் அதற்கு முன்னால் முதலில் பேசுவது அந்தச் சிப்புதான். கரண்டு வந்ததும் அது பெட்டியிடம், நீ ஒரு மிஷின், இது உன் கண், இது உன் காது, எழும்பு என்று சொல்லும். பெட்டி எழும்பும், திரை வெளுக்கும், கிணற்றுக்குள் கல்லைப் போட்டதுபோல ஒரு கனத்த சத்தம் வந்து, அதன்மேல் கண்ணாடி வளையல்கள் உரசுகிற மாதிரி ஒரு ராகம் பன்னிரண்டு விநாடி கேட்கும். அன்றைக்கு அவள் சிப்பின் கால்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி, திரும்பப் பற்றவைத்து, சுவிட்சைப் போட்டாள். எழும்பு என்று சிப்பு சொன்னது பெட்டிக்கு மட்டுமல்ல, தெருவுக்கே கேட்டது. அவ்வளவுதான் விஷயம். ஏன் கேட்டது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை, எதுவரைக்கும் கேட்கும் என்றுதான் பார்த்தார்கள்.

பார்த்தவன் எலக்ட்ரீசியன் சுடலைமணி. ஓடாத டேபிள் ஃபேன் ஒன்றை, வயர் தரையில் இழுபட, கைக்குழந்தையைப்போல இடுப்பில் தூக்கிக்கொண்டு வடக்கே நடந்தான். தெருக்கோடியில் சிலுவை நிற்கிற குருசடி வரைக்கும் சுற்றியது. தெற்கே நடந்தான், மீனுக்கு ஐஸ்கட்டி போடுகிற ஐஸ் ஆபீஸ் மதில் வரைக்கும் சுற்றியது, மதிலைத் தாண்டி ஒரு எட்டு வைத்ததும் நின்றது.

"இம்புட்டுத்தான்" என்றான்.

"உம் பொழப்பா?" என்று கேட்டாள் பாக்கியம்.

"சிரிக்காதீக மைனி. நீங்க மாவு விக்கிறீக, நான் என்னத்த விக்க?"

ஆனால் அவனும் பிழைத்துக்கொண்டான். மதிலுக்கு வெளியே இருக்கிற ஊர்களிலிருந்து நின்றுபோன மிக்ஸியையும் தையல் மிஷினையும் வாங்கி வந்து தெருக்காரர்களுக்கு விற்றான். ஆறு மாதத்துக்குள் ஐஸ் ஆபீஸ் தெருவில் புதுச் சாமான் வாங்குவது கோட்டித்தனம் என்று ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளை வீடு சத்தத்துக்கு உள்ளேயா வெளியேயா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். கரண்டு போனால் பெட்டி நின்றுவிடும், பெட்டி நின்றால் தெரு நின்றுவிடும் என்பதால் ஐஸ் ஆபீஸ் ஜெனரேட்டரிலிருந்து கடைக்கு ஒரு தனி வயர் இழுத்தார்கள். அந்த வயரில் காக்கா உட்கார்ந்தால்கூடக் கல்லெறிந்தார்கள். சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இதைப்பற்றி எதுவுமே சொல்லாமல் முடித்தார். அதையே அனுமதி என்று எடுத்துக்கொண்டார்கள். ஒருநாள் உள்நாட்டிலிருந்து ஒரு குடும்பம், முந்தின நாள் இறந்த தகப்பனை வேனில் ஐஸ் பெட்டியோடு கொண்டுவந்து கடை வாசலில் நிறுத்தியது. செத்ததை அது கிளப்பாது, நின்றதைத்தான் கிளப்பும் என்று கோயில் உபதேசியார் அவர்களிடம் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அன்று மட்டும் தெருவில் யாரும் ஃபேனுக்கு அடியில் உட்காரவில்லை.

பெட்டிக்கு ஓய்வு வேண்டும். பழைய பெட்டி, அரைநாளுக்கு மேல் ஓடினால் முதுகில் அப்பளம் சுடலாம். எப்போது போட்டு எப்போது அணைப்பது என்று கணக்குச் சொன்னவர் உபதேசியார்தான்: காலை ஒன்பதுக்குப் போடு, ராத்திரி ஒன்பதுக்கு அணை, மணிக்கூண்டு ஒன்பதில் நிற்கும், ஒன்பதில் கிளம்பும், ஒருநாளும் பிந்தாது. ஏணி வைத்து ஏறி முள்ளைத் திருப்பிவைத்ததும் அவரே. அப்படித்தான் அந்தத் தெருவுக்கு ஒன்பதிலிருந்து ஒன்பது வரை என்று ஒரு சட்டம் வந்தது.

கஸ்பாருக்கும் அதுதான் சட்டம். காலை ஒன்பதுக்கு எழும்புவான், டீ குடிப்பான், குருசடிக்கும் மதிலுக்கும் நடப்பான், வலை பின்னுகிறவர்களிடம் வம்பு பேசுவான், மத்தியானம் எஸ்கலின் ஆய்ந்து வைத்த சாளை மீனைக் குழம்பு வைப்பான். நாலு வருஷம் அவள் அவனுக்குக் கரண்டியால் கஞ்சி ஊட்டியிருக்கிறாள். முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்துப் புரட்டியிருக்கிறாள். இப்போது அவன் கையால் குழம்பு. ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவன் கட்டிலில் வந்து படுப்பான், அவள் கையைக் காலை ஒழுங்காக எடுத்து வைப்பாள், போய்ச் சுவிட்சை அணைப்பாள். பிறகு வந்து, அசையாமல் கிடக்கிற காலை மடியில் தூக்கி வைத்து வேப்பெண்ணெய் தேய்ப்பாள். தேய்க்காமல் விட்டால் மறுநாள் நடக்கும்போது மரத்துப்போகும் என்று பயம். அணைத்த காலுக்கு என்ன கனம்!

வாதம் வருவதற்கு முன்னால் அவன் நாக்பூர் வரைக்கும் லாரி ஓட்டியவன். ராத்திரி ஓட்டி, பகலில் தூங்கினவன்.

"ஏட்டி, ஒரே ஒரு ராத்திரி அணைக்காம விடேன்" என்பான்.

"சிப்பு வெந்துபோச்சுன்னா?"

"போவாது."

"போச்சுன்னா? உங்கள ஆரு கிளப்புவா? எனக்குப் பகல்ல நீங்க போதும்."

"எனக்குப் போதாதே."

"ராத்திரியில என்ன இருக்கு?"

"ரோடு இருக்கு" என்றான். அவள் சிரித்துவிட்டாள். அப்போது சிரித்ததைப் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தாள்.

தூத்துக்குடியில் செல்போன் சர்வீஸ் கடையில் வேலை செய்கிற அவள் தம்பி டைட்டஸ், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்தான். அம்மா போனபிறகு அவள் தோளில் போட்டு வளர்த்த தம்பி. "யக்கா, அந்தச் சிப்புல உள்ளத ஒரு காப்பி எடுத்து வச்சுக்கிடுவோம். நாளைக்கே வெந்துபோச்சுன்னா அத்தான என்ன செய்வ?" என்றான். அவளுடைய பயத்தை அவளுக்கே திருப்பிச் சொன்னதால் அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒன்பதுக்குப் பெட்டியைப் போட இன்னும் நேரம் இருந்தது. அவன் சிப்பைப் பற்றி வயர்களை மாட்டினான். அவள்தான் டார்ச் பிடித்தாள். ஒரு பாஸ்போர்ட் போட்டோவைவிடச் சின்ன ஃபைல் என்றான். எமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, அது போனை ஏமாற்றி, நீதான் அந்தப் பெட்டி என்று நம்ப வைக்கும். ஆனால் எப்படி எழும்பணும் என்று இந்தச் சிப்பு சொன்னால்தான் அதற்கும் தெரியும் என்றான். கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

"எடுபடலக்கா. ஃபைல் கெட்டுப்போச்சு."

"போட்டும் விடு. மீன் இருக்கு, சாப்ட்டுட்டுப் போ" என்றாள் எஸ்கலின்.

அதற்கு அடுத்த வாரம் புதன்கிழமை, பதினொன்றரைக்கு, பீடி வாங்கிவிட்டு வருகிறேன் என்று போன கஸ்பார் வரவில்லை. பன்னிரண்டுக்கு அவள் தேட ஆரம்பித்தாள். நடந்து போகிறவனை அல்ல, விழுந்து கிடக்கிறவனைத் தேடினாள். மதிலைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் விழுந்துவிடுவான் இல்லையா? மதிலுக்கு அப்புறம் உடைமுள்ளுக்குள், சாக்கடைக்குள், உப்பு லாரிகளுக்கு அடியில் குனிந்து குனிந்து பார்த்தாள். தெருவில் கேட்டாள். வலைக்காரர்கள் வலையைப் பார்த்தபடி பார்க்கவில்லை என்றார்கள். சுடலைமணி, "இங்கனதான் இருப்பாரு மைனி" என்று சொல்லிவிட்டு, சொல்லும்போதே வீட்டுக்குள் போனான். பாக்கியம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், கண்ணைப் பார்க்கவில்லை. எஸ்கலின் தம்பிக்குப் போன் போட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பப் போட்டாள், திரும்பப் போட்டாள், மாதாவே மாதாவே என்று சொல்லிக்கொண்டு நாற்பது தடவை போட்டாள், நாலே காலுக்கு மணி அடித்தது.

"டைட்டஸு, அத்தானக் காணல! எங்கனயோ விழுந்து கெடக்காவ, நீ ஒடனே வா."

"தெரியலயேக்கா" என்றான் டைட்டஸ். விழுந்து கிடக்கிறார் என்று சொன்னவளுக்கு அது பதில் இல்லை. அவன் குரலுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் திருச்சி திருச்சி என்று கூவிக்கொண்டிருந்தான்.

இருட்டுவதற்குள் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று டைட்டஸ் வேகமாக ஓட்டச் சொல்லியும், மதுரையிலிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து சேரும்போது மணிக்கூண்டு எட்டரை அடித்திருந்தது. பின்னால், கயிற்றால் கட்டி, புதுப் பீரோவை நிறுத்திக் கொண்டுவருகிற மாதிரி கஸ்பாரை நிறுத்திக் கொண்டுவந்திருந்தான் டைட்டஸ். வலதுகால் முன்னால் எட்டு வைத்தபடி இருந்தது, இடது குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது, டீ கிளாஸ் வாங்குவதற்காக நீட்டின கை நீட்டினபடியே, வாய் பாதிச் சிரிப்பில். அவன் எழும்பி நடந்த இந்த ஒரு வருஷத்தில் அவள் பார்க்காத சிரிப்பு. தோளில் பை. அவள் துணிப்பெட்டியின் அடியில் மடித்து வைத்திருந்த நீலச் சட்டை.

டைட்டஸ் வாசலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். ஃபைல் கெட்டுப்போகவில்லை. அன்றைக்கே அவன் போனில் ஓடியது, போனை அத்தானிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தான். ஒரு ஆள் கைநீட்டுகிற தூரத்துக்குத்தான் அது கேட்கும், அது போதுமே, சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் நாக்பூர் வரைக்கும் போகலாம். பழைய கூட்டாளி ஒருவன் லாரி தருகிறேன் என்றிருக்கிறான். மாட்டுத்தாவணியில் பஸ் ஏற்றிவிட்டு, சிம்மைக் கழற்றி எடுத்துக்கொண்டு, போனை அத்தானிடமே விட்டுவிடுவதாகப் பேச்சு. அதுவரைக்கும் யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று பத்து நாளும் போனைப் பிளைட் மோடில் வைத்திருந்தார்கள். மாட்டுத்தாவணியில் இரண்டு டீ சொன்னான். சில்லறை இல்லை. போனிலேயே காசு போடலாம் என்று ஒரே ஒரு நிமிஷம் பிளைட் மோடை எடுத்துவிட்டான்.

"அந்த நேரம் பாத்து நீ கூப்ட்டக்கா. போன்கால் வந்தா எமுலேட்டர் அப்படியே நின்னுரும். அத்தான் கிளாசுக்குக் கைய நீட்டுனவரு நின்னுட்டாரு. நான் அவரு மொகத்தப் பாத்துக்கிட்டேதான் தெரியலன்னு சொன்னேன்." அவன் மூக்கைச் சிந்தினான். "அப்புறம் தொடரவான்னு கேட்டுது. உன் கொரலக் கேட்டப்புறம் அத அமுக்கக் கை வரல."

எஸ்கலின் ஒரு விஷயத்தை மட்டும் கேட்டாள். "பத்து நாளும் போன் ஓடிக்கிட்டே இருந்துதா? நான் பெட்டிய அணைச்சப்புறமும்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்படியென்றால் பத்து ராத்திரி அவள் ஒன்பதுக்குச் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து காலை மடியில் தூக்கி வைத்தபோது, அவன் நிற்கவில்லை. தலையணைக்கு அடியில் போன் ஓட, நின்றவன்போலக் கிடந்திருக்கிறான். காலைக் கனமாக்கி வைத்திருந்திருக்கிறான். அவள் எண்ணெய் தேய்த்து முடித்து, பெருமூச்சு விட்டு, தூங்கும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு எழும்பி வெளியே போயிருக்கிறான். அவன் வீட்டைவிட்டுப் போனதை அவள் அழாமல் கேட்டுக்கொண்டாள். காலைக் கனமாக்கி வைத்திருந்தான் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துச் சுவரில் எறிந்தாள்.

மறுநாள் ஒன்பதுக்குப் பெட்டியைப் போட்டாள். கிரைண்டர் சுற்றியது, விசிறிகள் சுற்றின, மணிக்கூண்டு நகர்ந்தது. நடையில் நிறுத்தியிருந்த கஸ்பார் மட்டும் அசையவில்லை. பழைய பெட்டிக்கு நின்றதுதான் தெரியும், நிறுத்தி வைத்தது தெரியாது என்றான் டைட்டஸ். போன் திரையில் இரண்டே கட்டங்கள் இருந்தன: தொடர், வெளியேறு.

"வெளியேறுன்னு அமுக்குனா?"

"பத்து நாளைக்கு முந்தி எப்படிக் கெடந்தாரோ அப்படி ஆயிருவாரு. நம்ம பெட்டி அவரக் கிளப்பிரும். இந்தப் பத்து நாள் அவருக்கு ஞாபகமே இருக்காது. நான் கிட்ட வந்தது, போன்ல போட்டது, மதுரை, எதுவும்."

செய்தி தெருவில் பரவ ஒரு கிரைண்டர் மாவு அரைகிற நேரம்கூட ஆகவில்லை. எல்லாரும் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். நடையில் சிரித்துக்கொண்டு நிற்கிற கஸ்பாருக்கு ஒதுங்கி வழிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"வெளியேறுன்னு அமுக்கிரு மக்கா" என்றார் உபதேசியார். "மன்னிக்கதுக்கு இதவிட லேசான வழி ஆருக்கும் கெடச்சதில்ல. குத்தம் செஞ்சவனுக்கே குத்தம் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றாள் எஸ்கலின்.

"நீயும் மறந்திரு. பழையபடி இருக்கலாம். பெட்டிய வழக்கம்போலப் போட்டு வழக்கம்போல அணை."

"ஆமா எஸ்கலின்" என்றாள் பாக்கியம், அவசரமாக. "போனாரு, சரி. தெனம் மதிலத் தாண்டிப் போனாலும் விடியமுந்தி திரும்பி வந்துட்டுத்தான இருந்தாரு? அதனாலதான நாங்களும்..."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

எஸ்கலின் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "நீங்க பாத்தீகளா?" என்றாள். "பத்து நாளும் பாத்தீகளா?"

சுடலைமணிதான் கடைசியில் சொன்னான். "சொன்னா நீங்க பெட்டியக் கோவத்துல ஒடச்சுப் போட்டுருவீகளோன்னு பயந்தோம் மைனி. எங்க வீட்டு ஃப்ரிட்ஜு..."

அவள் கோபப்படவில்லை. அப்படியா என்று கேட்டுக்கொண்டதுபோலத் தலையை ஆட்டினாள். உடைமுள்ளுக்குள் குனிந்து தேடியபோது காலில் ஏறின முள் இன்னும் இருந்தது. அதை அப்போதுதான் குனிந்து பிடுங்கினாள். பிறகு தம்பியிடம், "பிடி" என்றாள். இரண்டு பேருமாகக் கஸ்பாரைத் தூக்கித் திருப்பினார்கள். வீட்டைப் பார்த்து நின்றவனை, தூக்கின குதிகாலோடு தெருவைப் பார்த்து நிறுத்தினார்கள். தோளில் சரிந்த பையை அவள் சரிசெய்தாள். சட்டைக்காலரில் வண்டிக்கயிற்றின் நார் ஒட்டியிருந்ததைத் தட்டிவிட்டாள். தாலிச் சங்கிலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, போன் விளிம்பில் இருந்த ஊசித் துளைக்குள் குத்தினாள்.

பிறகு கடைக்குள் போய்ப் பெட்டியை அணைத்தாள்.

தெருவில் ஒவ்வொன்றாக நின்றது. விசிறிகள் கொஞ்ச நேரம் சும்மா சுற்றி அடங்கின, பாக்கியம் வீட்டுக் கிரைண்டர் பாதி அரைத்த உளுந்தோடு நின்றது, மணிக்கூண்டு பத்து நாற்பதில் நின்றது. உபதேசியார் மேலே பார்த்து, இனி இது ஒருநாளும் சரியான மணி காட்டாது என்று கண்டுகொண்டவராக நெற்றியில் சிலுவை போட்டார். "எஸ்கலின், நாளைக்குப் போடுவேல்லா?" என்று யாரோ கூட்டத்திலிருந்து கேட்டார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொடர் என்ற கட்டத்தை அமுக்கி, போனை நீலச் சட்டையின் பைக்குள் போட்டாள்.

மாட்டுத்தாவணியில் ஆரம்பித்த சிரிப்பை கஸ்பார் வாசல்படியில் சிரித்து முடித்தான். பின்காலை எடுத்து முன்னால் வைத்துத் தெருவில் இறங்கினான். நீட்டின கை, இல்லாத கிளாஸைப் பிடித்து மூடிக்கொண்டது. கையைப் பார்த்தான். மணலைப் பார்த்தான், நின்றுபோன மணிக்கூண்டைப் பார்த்தான், தலையைத் தொங்கப்போட்டு நிற்கிற டைட்டஸைப் பார்த்தான், எல்லாரையும் பார்த்துவிட்டு, கடைசியாகத்தான் திரும்பினான்.

"ஏட்டி" என்றான். "நான் ஒங்கிட்டச் சொல்லணும்னுதான்..."

"சார்ஜ் முழுசும் ஏத்தி வச்சிருக்கேன்" என்றாள் எஸ்கலின். உள்ளங்கையில் ஒட்டியிருந்த சின்னத் தகட்டை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தாள். "சிம்மக் கழட்டிட்டேன். இனி உங்கள ஆரும் கூப்பிட மாட்டாவ."